வாசகர் குறையும் நூல் நிலையத்தின் விடையும்

பல்கலைக் கழக நூல் நிலையம் ஒன்றைப் பற்றி ஆண்டறிக்கையில் எழுதும்போது, அங்குள்ள நூல்களின் தொகை, வரவழைக்கப்படும் சஞ்சிகைகளின் தொகை, கட்டடத்தின் பரப்பு, செலவான பணம் ஆகியவற்றைக் குறிப்பிடுவது வழக்கம். இவை யாவும் தெரிந்திருக்க வேண்டிய விவரங்களே. எனினும், வாசகர் தம் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு வேறு. கேட்ட நூல்கள் எத்தனை, கைக்கு வந்தவை எத்தனை, அவற்றைப் பெறுவதற்குக் காத்திருந்த நேரம் எவ்வளவு என்பதே அவருடைய கணக்கு. இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாத இடத்திலேயே குறைகள் பிறக்கின்றன.

வாசகரின் அபிப்பிராயத்தைக் கேட்டறிய வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் எவருமில்லை. தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை 2017ஆம் ஆண்டில் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தி அமைத்தபோது, மாணவரின் திருப்தியை நேரடியாகக் கேட்டறியும் ஆய்வு ஒன்றையும் அதில் சேர்த்தது. நூல் நிலையங்கள் பலவற்றில் யோசனைப் பெட்டிகள் மாட்டப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் வினாப்பட்டியல்கள் வழங்கப்படுகின்றன. கேட்பதற்கான ஏற்பாடு இவ்வாறு பெருகிவிட்டது. ஆனால் கேட்டவற்றிற்கு விடை கூறும் ஏற்பாடு அந்த அளவுக்குப் பெருகவில்லை. விடை கிடைக்காத குறையை ஒரு மாணவர் இரண்டாம் முறை எழுதுவதில்லை. பெட்டி காலியாக இருப்பதைக் கண்டு குறைகள் தீர்ந்துவிட்டன என்று கருதுவது பெரும் பிழையாகும்.

பழைய கோரிக்கைகள்

வாசகர் இன்று கேட்பவை புதியன அல்ல. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக் கழகக் கல்விக் குழு, நூல் நிலையங்களுக்கு ஆண்டுதோறும் தக்க மானியம் அளித்தல், வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்கும் திறந்த அலமாரி முறை, நூல் நிலையம் திறந்திருக்கும் நேரம், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவற்றைப் பற்றி அப்போதே பரிந்துரை செய்தது. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, பல்கலைக் கழகம் ஒவ்வொன்றும் நூல் நிலையத்திற்கென ஆண்டுதோறும் மாணவர் ஒருவருக்கு 25 ரூபாயும் ஆசிரியர் ஒருவருக்கு 300 ரூபாயும் செலவிட வேண்டும் என்று அக்கால விலைவாசிக்கு ஏற்ப ஓர் அளவு வகுத்தது.

இவ்விரு குழுக்களுக்கும் முன்னரே, 1924ஆம் ஆண்டில், கணித ஆசிரியராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதன் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகர் பொறுப்பை ஏற்றார். இலண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளில், பயன்பாட்டையும் வாசகரையுமே நூல் நிலையத்தின் நடுவே வைத்தார். அவற்றுள் நான்காவது விதி வாசகருடைய காலத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. பின்னர் காசி இந்துப் பல்கலைக் கழகத்திலும் தில்லிப் பல்கலைக் கழகத்திலும் பணியாற்றிய அவரையே, பல்கலைக் கழக, கல்லூரி நூல் நிலையங்களைப் பற்றி ஆராயப் பல்கலைக் கழக மானியக் குழு 1957இல் அமைத்த குழுவுக்குத் தலைவராக நியமித்தது.

வாசகருக்கு வேண்டுவது என்ன என்பது இந்நாட்டில் பல பத்தாண்டுகளாகவே தெரிந்த விஷயம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. இக்குறையை உரைத்தவர் யார், அதைத் தீர்க்கும் பொறுப்பு எவருடையது, எந்த நாளுக்குள் அது தீரும் என்று ஒவ்வொரு குறைக்கும் வரையறுத்துக் கூறும் ஒழுங்குதான் இன்னும் குறைவாக உள்ளது.

‘நூல் இல்லை’ என்பதன் நான்கு பொருள்கள்

வாசகர் எழுதும் குறைகளுள் முதன்மையானது, கேட்ட நூல் கிடைக்கவில்லை என்பதாகும். இதைப் படித்தவுடன் அதிக நூல்களை வாங்க வேண்டும் என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் அம்முடிவு எப்போதும் சரியாக அமைவதில்லை. கிடைக்கவில்லை என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. நூல் வாங்கப்படாமலே இருக்கலாம். வாங்கப்பட்டு, வேறொரு வாசகர் வசம் இரவலில் இருக்கலாம். இரவலில் இல்லாமல், அலமாரியில் இடம் மாறிக் கிடக்கலாம். அல்லது தைப்பதற்கு அனுப்பப்பட்டிருக்கலாம். இறுதியாக, நூல் தன் இடத்திலேயே இருந்தும் நூற்பட்டியலைப் பார்க்கவோ பகுப்பு எண்ணைப் பின்பற்றவோ வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் பால் காண்டர் இவ்வகையாகப் பிரித்து அளக்கும் முறையை 1976இல் விளக்கினார். பெரும் செலவின்றி எந்த நூல் நிலையத்திலும் இம்முறையைக் கையாளலாம்.

இதனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நூறு வாசகர் நூறு நூல்களைக் கேட்கின்றனர் என்றும், மேற்கூறிய ஒவ்வொரு நிலையிலும் நூற்றுக்குப் பத்தே தவறுகின்றன என்றும் கொள்க. நூற்றில் 90 நூல்கள் வாங்கப்பட்டவை. அவற்றுள் இரவலில் இல்லாதவை 81. அவற்றிலும் தம் இடத்தில் இருப்பவை ஏறத்தாழ 73. வாசகர் கண்டெடுப்பவை ஏறத்தாழ 66. ஒவ்வொரு பகுதியின் பணியாளரும் தம் வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் செய்திருக்கின்றனர். அவர்கள் மனநிறைவு கொள்வது நியாயமே. ஆயினும் மூன்று வாசகருள் ஒருவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். பணியாளர் தம் பணியில் குறையில்லை என்பதும், வாசகர் நூல் கிடைப்பதில்லை என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

நோய் நான்கானால் மருந்தும் நான்காக வேண்டும். வாங்கப்படாத நூலுக்குப் பணமும், ஆசிரியர் உரிய காலத்தில் அனுப்பும் பாடநூல் பட்டியலும் வேண்டும். இரவலில் உள்ள நூலுக்குக் கூடுதல் பிரதிகளோ குறுகிய தவணையோ வேண்டும். இடம் மாறிய நூலுக்கு நாள்தோறும் காலையில் அலமாரி வரிசையைச் சரிபார்க்கும் பணியாளர் வேண்டும். கண்டெடுக்க இயலாத வாசகருக்கு, ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயிற்சியும், அலமாரிகளில் தெளிவான பெயர்ப் பலகைகளும் வேண்டும். இந்நான்கில் முதலாவதற்கும் கூடுதல் பிரதிகளுக்கும் மட்டுமே பெரும் பணம் வேண்டும். காரணத்தைப் பிரித்தறியாமல் மேலும் மேலும் நூல்களை வாங்கும் நூல் நிலையம், இடம் மாறிக் கிடக்கும் நூலையே மறுபடியும் வாங்கும் நிலைக்கு ஆளாகும்.

தவணையைப் பற்றி இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக் கழகத்தின் அனுபவம் நினைவில் கொள்ளத்தக்கது. 1969இல் அந்நூல் நிலையம், பலர் நாடும் நூல்களுக்கு மட்டும் தவணையை ஒரு வாரமாகக் குறைத்தது. நூல்கள் கைக்கு எட்டத் தொடங்கியதும் அவற்றை நாடி வருவோர் தொகையும் உயர்ந்தது. இதில் மற்றொரு பாடமும் உண்டு. சேவை திருந்தும்போது எதிர்பார்ப்பும் வளர்கிறது. அதனுடன் குறைகளும் வருகின்றன. ஆகவே, குறைகள் மிகுவதைப் பணியின் தோல்வி என்று மேலதிகாரிகள் கருதலாகாது. நூல் நிலையத்தை மக்கள் பொருட்படுத்துகின்றனர் என்பதற்கு அது ஓர் அடையாளமாகவும் இருக்கலாம்.

பூட்டிய அலமாரி

திறந்த அலமாரி முறை வேண்டும் என்ற கோரிக்கைக்கு, நூல்கள் காணாமற் போனால் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்வியே பல இடங்களில் விடையாகக் கூறப்படுகிறது. இவ்வச்சம் ஆதாரமற்றது அன்று. தணிக்கையின்போது காணாமற்போன நூலின் விலையைத் தம் ஊதியத்திலிருந்து கட்ட நேருமோ என்று அஞ்சும் பணியாளர் நூலைப் பூட்டி வைக்கவே விரும்புவார். ஆனால் மத்திய அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே இவ்வகையில் தாராளமாக அமைந்துள்ளன. ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரை இழப்பு நேர்வது, அது நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இராவிடில், நியாயமானதாகக் கருதப்படலாம் என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூல்களும் அரிய நூல்களும் காணாமற் போனால் விசாரணை வேண்டும் என்பதையும் அவை விதித்துள்ளன. அரிய நூலைப் பூட்டி வைத்துப் பாடநூலைத் திறந்து வைக்க விதி இடமளிக்கிறது. மத்திய அரசாங்கத்தின் கீழ் வராத நிறுவனங்களும் இதை முன்மாதிரியாகக் கொண்டு தம் விதிகளை அமைத்துக் கொள்ளலாம். அவ்வாறு எழுத்து மூலமான பாதுகாப்பு இருந்தாலன்றி, பணியாளரிடம் துணிவை எதிர்பார்ப்பது முறையாகாது.

குரல் கேட்காதவர்கள்

வினாப்பட்டியல் நூல் நிலையத்திற்குள் வந்து அமர்ந்திருப்பவரிடமே கொடுக்கப்படுகிறது. வந்து பயனின்றித் திரும்பி, பின்பு வருவதையே நிறுத்திவிட்டவரின் கருத்து அதில் இடம் பெறுவதில்லை. வகுப்பு முடியும் வேளையில் நூல் நிலையமும் மூடப்படுமானால், தொலைவிலிருந்து பஸ்ஸில் வந்து செல்லும் மாணவருக்கு அது இருந்தும் இல்லாததற்குச் சமம். இரவு 8 மணிக்கு விடுதிக்குத் திரும்பியாக வேண்டிய மாணவியருக்கு, நள்ளிரவு வரை திறந்திருக்கும் படிப்பறையால் பயனில்லை. வீட்டில் தனி அறையோ மேசையோ இல்லாத மாணவர், நூலைக் காட்டிலும் அமர்ந்து படிக்க ஓர் இடத்தையே நாடி வருகிறார். பாடநூலை விலை கொடுத்து வாங்க இயலாதவருக்கு, தேர்வுக்கு முந்தைய இரு வாரங்களில் அந்நூல் கிடைக்காமற் போவது ஓர் ஆண்டையே இழக்கச் செய்யலாம். இவர்களுடைய திருப்தியின் சராசரியைக் கணக்கிடுவதால் பயன் சிறிது. ஒவ்வொரு வகையாரையும் தனித்தனியே கேட்டறிவதே தகும்.

பார்வையற்ற வாசகரும் இவ்வகையினரே. அச்சு நூலைப் படிக்க இயலாதோர்க்கு உதவும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதன்முதலாக உறுதி செய்த நாடு இந்தியா. அந்த உரிமை நடைமுறையில் பயன் தர வேண்டுமானால், பாடநூலை ஒலி வடிவிலோ கணிப்பொறி உரக்கப் படிக்கும் வடிவிலோ மாற்றித் தரும் ஏற்பாடு ஒவ்வொரு பல்கலைக் கழகத்திலும் இருக்க வேண்டும். பருவத் தொடக்கத்தில் கேட்ட நூல் பருவ முடிவில் மாற்றித் தரப்படுமானால், அதைச் சேவை என்று கூறுவதற்கில்லை.

கேட்கும் முறையிலும் திருத்தம் வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சி நூல் நிலையங்களின் சங்கம், டெக்ஸாஸ் வேளாண் இயந்திரவியல் பல்கலைக் கழகத்துடன் சேர்ந்து தொடங்கிய லிப்குவால் என்னும் முறை, ஒவ்வொரு சேவையைப் பற்றியும் மூன்று கேள்விகளை எழுப்புகிறது. வாசகர் பொறுத்துக் கொள்ளக்கூடிய குறைந்த அளவு எது, அவர் விரும்பும் அளவு எது, இப்போது அவர் காணும் அளவு எது என்பன அவை. காணும் அளவு குறைந்த அளவுக்கும் கீழே இருக்கும் சேவையையே முதலில் கவனிக்க வேண்டும். நன்று, சுமார், குறைவு என்று மட்டும் கேட்கும் பட்டியலிலிருந்து இத்தகைய முன்னுரிமையை அறிய இயலாது.

மின்னணுச் சஞ்சிகைகளும் புதிய குறைகளும்

விஞ்ஞானச் சஞ்சிகைகளைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1952இல் யுனெஸ்கோவின் உதவியுடன் தில்லியில் நிறுவப்பட்ட இந்திய தேசிய விஞ்ஞான ஆவண மையம், ஆராய்ச்சியாளர் கேட்ட கட்டுரையின் படியையும் மொழிபெயர்ப்பையும் அனுப்பி உதவிய காலம் ஒன்றிருந்தது. அம்மையம் 2002இல் மற்றொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. பல்கலைக் கழகங்களுக்கு மின்னணு மூலமாகச் சஞ்சிகைகளை அளிக்கும் பொறுப்பை இன்று இன்ஃபிலிப்நெட் மையம் ஏற்றுள்ளது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தில், 30 பதிப்பாளரின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள் 6,300க்கும் மேற்பட்ட அரசாங்க உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு உரியனவாகின்றன.

இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சந்தா செலுத்தப்பட்டதனால் மட்டும் ஒரு சஞ்சிகை படிக்கப்படுவதில்லை. நூல் கிடைக்கவில்லை என்பதற்குரிய நான்கு நிலைகளைப் போலவே, இங்கும் பல நிலைகள் உண்டு. இத்தகைய உரிமை தமக்கு உண்டு என்பது மாணவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்லூரி எல்லைக்கு வெளியிலிருந்து நுழையும் வழி தெரியாமல் இருக்கலாம். கடவுச்சொல் வழங்கப்படாமல் இருக்கலாம். கட்டுரை அவருக்குப் புரியும் மொழியில் இல்லாமலும் இருக்கலாம். மேலும், இத்திட்டம் சஞ்சிகைகளைப் பற்றியதேயன்றிப் பாடநூல்களைப் பற்றியதன்று. இளங்கலை மாணவரின் முதல் தேவை பாடநூலே. சஞ்சிகைச் சந்தாவில் ஒரு நிறுவனத்திற்குப் பணம் மிச்சமாகுமாயின், அதில் ஒரு பகுதியைப் பாடநூல் பிரதிகளுக்கு ஒதுக்குவது அறிவுடைமையாகும்.

விடை கூறும் பதிவேடு

இனிச் செய்யத்தக்கது யாது? நூல் வழங்கும் மேடையின் அருகில் ஒரு பதிவேட்டை வைத்தல் வேண்டும். அதில் தேதி, கோரிக்கை அல்லது குறை, காரணம், பொறுப்பேற்ற அலுவலர், விடையும் விடையளித்த தேதியும் என ஐந்து பத்திகள் இருந்தால் போதும். வாசகரின் பெயரைக் கட்டாயமாகக் கேட்க வேண்டுவதில்லை. வரிசை எண் போதுமானது. ஏழு நாட்களுக்குள் முதல் விடையும், முப்பது நாட்களுக்குள் முடிவான விடையும் தரப்பட வேண்டும். மாத இறுதியில் வந்தவை இத்தனை, நிறைவேறியவை இத்தனை, இயலாதவை இத்தனை, அவற்றிற்குரிய காரணங்கள் இவை என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். அதே தாளை நூல் நிலையக் குழுவின் கூட்டத்திலும் முதல் பொருளாக வைக்கலாம். கணிப்பொறி உள்ள இடத்தில் அதன் வழியாகவே இதைச் செய்யலாம். இல்லாத இடத்தில் ஒரு பேரேடு போதும்.

வாசகர் கேட்பதெல்லாம் தகுதியானவை அல்ல என்றும், அவற்றை நிறைவேற்றப் பணியாளரும் இல்லை, பணமும் இல்லை என்றும் இதற்கு மறுப்புக் கூறப்படலாம். பல பல்கலைக் கழகங்களில் நூலகப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பது உண்மையே. இருவர் செய்யும் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் இரவு பத்து மணி வரை திறந்து வைக்குமாறு கேட்பது எளிதன்று. தேர்வுக்குரிய வினா-விடைச் சுருக்கங்களை மட்டுமே வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்க இயலாது என்று கூறவும் நூலகருக்கு உரிமை உண்டு. ஆனால் காரணத்துடன் கூறப்படும் மறுப்பும் ஒரு விடையே. ஆள் இல்லாமையால் நேரத்தை நீட்டிக்க இயலவில்லை என்று பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து பலகையில் எழுதப்படுமாயின், பணியிடத்தை நிரப்புமாறு நிர்வாகத்தைக் கேட்பதற்கு அதனினும் வலுவான ஆதாரம் வேறில்லை. பதிவேடு வாசகருக்கு உதவுவது போலவே நூலகருக்கும் உதவும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. குறைகளைக் கொண்டு கீழ்நிலைப் பணியாளரைத் தண்டிக்கத் தொடங்கினால், குறைகள் பதிவேட்டில் ஏறாமலே மறையும். குறைகளில் பெரும்பாலானவை ஏற்பாட்டின் தவறுகள்; ஆளின் தவறுகள் அல்ல. மேற்கண்ட கணக்கு காட்டுவதும் அதுவே.

ஆசிரியரும் களப் பணியாளரும்

இப்பணியில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு. வகுப்பு தொடங்கிய பின் பாடநூலின் பெயரைக் கூறி, அறுபது மாணவரை ஒரே நாளில் ஒரே பிரதிக்காக அனுப்பும் வழக்கம், எந்த நூல் நிலையத்தையும் தோற்கச் செய்யும். பருவம் தொடங்குவதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே பட்டியலை அனுப்பினால் பிரதிகளை வாங்கவும், தவணையைக் குறைக்கவும், ஒரு பிரதியைப் படிப்பறையிலேயே நிறுத்தி வைக்கவும் இயலும். தாம் இரவல் பெற்ற நூல்களைக் காலத்தில் திருப்பித் தருவதும் ஆசிரியரின் கடமையே. மாணவருக்குத் தவணை விதித்து, ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் நூலை விட்டு வைப்பது நியாயமாகாது.

களப் பணியாளரோ பெரும்பாலும் பல்கலைக் கழகத்தின் வாசகராகவே கருதப்படுவதில்லை. பயிரில் தோன்றிய புதிய நோயையோ, கால்நடைக்கு ஏற்பட்ட நோயையோ முதலில் காண்பவர் அவரே. அதைப் பற்றிய நூலை நாடி அவர் நெடுந்தொலைவு பயணம் செய்து வரும்போது, உறுப்பினர் அட்டை இல்லை என்ற காரணத்தால் வாயிலில் நிறுத்தப்படலாகாது. வேளாண்மைத் துறையில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 2007இல் தொடங்கிய மின்னணுச் சஞ்சிகைக் கூட்டமைப்பு, வேளாண் பல்கலைக் கழகங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் கட்டுரைகளைக் கேட்டுப் பெறும் வசதியை அளித்துள்ளது. களப் பணியாளரின் கேள்வி அங்குள்ள நூலகர் வழியாக அக்கூட்டமைப்பைச் சென்றடையவும், விடை அவர் பணிபுரியும் ஊருக்கே திரும்பி வரவும் வழி செய்தல் வேண்டும். களப் பணியாளரும், கிடைக்கவில்லை என்று வாளா இருந்துவிடாமல், கேட்ட தேதியையும் கேட்ட பொருளையும் எழுத்தில் கொடுத்துச் செல்ல வேண்டும். எழுதப்படாத குறைக்கு விடை கேட்க எவராலும் இயலாது.

பெரிய கட்டடங்களும் கோடிக்கணக்கான சந்தாவும் ஒரே நாளில் எல்லா இடங்களுக்கும் வந்துவிடுவதில்லை. ஒரு பேரேடும் ஓர் அறிவிப்புப் பலகையும் நாளைக் காலையிலேயே வைக்கத்தக்கவை. அடுத்த ஆண்டறிக்கையில், நூல்களின் தொகைக்கு அடுத்த வரியில், வந்த குறைகள் எத்தனை, விடை பெற்றவை எத்தனை என்பதையும் பல்கலைக் கழகங்கள் அச்சிடுமாயின், வாசகரின் கணக்கும் நூல் நிலையத்தின் கணக்கும் முதன்முறையாக ஒரே பக்கத்தில் இடம் பெறும்.